பழவேற்காட்டுச் சேற்றில் எட்டு வாரம்: இளநிலை மாணவர்களுக்கான கோடைக்கால ஆய்வு வழிகாட்டி

மே மாதம் பழவேற்காடு ஏரிக்கு வந்து இறங்கும் மாணவர்கள் முதலில் கேட்பது பூநாரைகளைப் பற்றித்தான். பெரும்பாலானவை அதற்குள் போய்விட்டிருக்கும். ஏரிக்கு அருகே நேலப்பட்டு சரணாலயத்தில் கூடு கட்டிய கூழைக்கடாக்களும் குஞ்சுகளோடு கலைந்திருக்கும். மார்கழியில் சூளூர்ப்பேட்டை–ஸ்ரீஹரிகோட்டா சாலையின் இரு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீராகக் கிடந்த இடம், உப்புப் பூத்து வெடித்த களராக வெளுத்திருக்கும். ஏமாந்து நிற்கும் பிள்ளைகளிடம் ஒவ்வோர் ஆண்டும் நான் ஒன்றைத்தான் சொல்கிறேன். கோடையில் பறவையைத் தேடாதீர்கள். அந்தப் பறவை எதைத் தின்பதற்காக இவ்வளவு தூரம் வருகிறதோ, அதைத் தேடுங்கள். அது சேற்றுக்குள் இருக்கிறது. தண்ணீர் வடிந்து அந்தச் சேறு நம் காலடிக்கு வருவது இந்த இரண்டு மாதங்களில்தான்.

நான் ஆரம்பாக்கத்துக்காரன். எங்கள் ஊரைத் தாண்டினால் தடா, ஆந்திர எல்லை. விலங்கியல் கற்பிக்கிறேன், கோடை விடுமுறையில் இளநிலை மாணவர்களை இந்த ஏரிக்கு அழைத்து வருகிறேன். இளநிலைப் படிப்பின்போதே உண்மையான ஆய்வு ஒன்றைச் செய்து முடிக்க முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கு என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

படி 1: ஏரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இது. வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு நுனி மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு ஒரு நீண்ட மணல் வரப்பாகக் கிடக்கிறது. தெற்கில் ஆரணி ஆறும், மேற்கே காளங்கியும், வடக்கே சுவர்ணமுகியும் நன்னீர் கொண்டுவருகின்றன. ஆங்கிலேயர் காலத்துப் பக்கிங்காம் கால்வாய் இதனூடே ஓடுகிறது. சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். இவ்வளவு பரந்த நீர் இவ்வளவு ஆழமற்றிருப்பதால், ஒரு சாண் நீர்மட்டம் இறங்கினாலே பல சதுரக் கிலோமீட்டர் நிலம் வெளியே வந்துவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் சாவி முகத்துவாரம். பழவேற்காட்டுக்கு அருகே ஏரி கடலோடு சேரும் வாய் அது. கரையோர நீரோட்டம் மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆற்றில் வெள்ளம் இல்லாத கோடையில் அந்த மணலை அடித்து வெளியேற்ற வலுவான நீர் இல்லை. வாய் குறுகுகிறது, சில ஆண்டுகளில் அடைந்தே விடுகிறது. அடைந்தால் ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) உள்ளே வராது, இறால் குஞ்சு வராது, வெயில் நீரைக் குடிக்க உப்பு மட்டும் மிஞ்சும். அப்போது ஏரியின் உட்பகுதி கடலைவிட உப்பாக மாறுகிறது. ஐப்பசி மழையில் அதே இடம் ஏறக்குறைய நன்னீராகிவிடும். ஓர் உயிர் ஒரே ஆண்டில் இந்த இரண்டையும் தாங்க வேண்டும். எந்த உயிர் தாங்குகிறது, எது தாங்கவில்லை என்பதே இந்த ஏரியின் பெரிய கேள்வி.

கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படங்களைப் பாருங்கள். சென்டினல்-2 படங்கள் இலவசம். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 10 மீட்டர். ஐந்து நாளுக்கு ஒரு முறை படம் கிடைக்கும். ஜனவரிப் படத்தையும் மே மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நான் மேலே எழுதிய பத்தி முழுவதும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். களத்துக்கு வர இயலாத மாணவர்கள் இந்தப் படங்களை மட்டும் வைத்தே முகத்துவாரம் எந்த மாதங்களில் குறுகுகிறது என்று ஒரு நல்ல ஆய்வு செய்யலாம். வரைபடங்களை அலச உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசமே.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியராக இருந்த சஞ்சீவ ராஜ் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஏரிக்குக் கொடுத்தார். அவருடைய கட்டுரைகளைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள்.

படி 2: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

மாணவர்கள் எழுதிக் கொண்டுவரும் முதல் தலைப்பு பெரும்பாலும் 'பழவேற்காடு ஏரியின் பல்லுயிர் வளம்' என்பதாகவே இருக்கும். அதற்கு எட்டு வாரம் போதாது, எட்டு ஆண்டும் போதாது. ஓர் உயிர், ஒரு மாற்றம், ஒரு கரை: இந்த மூன்றையும் எழுத முடிந்தால் கேள்வி பிறந்துவிட்டது.

எடுத்துக்காட்டாக ஒன்று. கோடைச் சேற்றின் மேல் கரும்புள்ளிகளாக ஆயிரக்கணக்கில் சிறு நத்தைகள் ஊர்வதைப் பார்ப்பீர்கள். கூம்பு வடிவம், விரற்கடை நீளம். பைரனெல்லா சிங்குலேட்டா என்பது அதன் பெயர். பழைய நூல்களில் செரிதீடியா என்று இருக்கும். 'முகத்துவாரத்திலிருந்து உள்ளே போகப் போக இந்த நத்தையின் எண்ணிக்கை குறைகிறதா?' நல்ல கேள்வி. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. உள்ளே போகப் போக உப்பு கூடும். அதே வழியில் மணல் குறைந்து களிமண் கூடும். நீர் தேங்கி நிற்கும் நேரமும் மாறும். நத்தை குறைந்தால் காரணம் எது? தூரம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. இதற்கு ஒரு வழி உண்டு: உப்பு ஒரே அளவாக இருந்தும் ஓரிடம் மணற்பாங்காகவும் அடுத்த இடம் களியாகவும் இருக்கும் இணைகளைத் தேடிப் பிடிப்பது. அப்படி மூன்று இணைகள் கிடைத்தால் உங்கள் ஆய்வு பலருடைய முதுநிலை ஆய்வேட்டைவிட உறுதியாக நிற்கும்.

என் மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பவை நத்தையும் நண்டு வளையும். சேற்றுப் புழுக்கள் அருமையான பாடம்தான், ஆனால் அவற்றை இனம் பிரிப்பதற்கே ஓர் ஆண்டு பழக வேண்டும். உப்புச் சேற்றில் வளரும் உமரிச் செடிகள் எந்த உயரம் வரை இறங்கி வளர்கின்றன, அலையாத்தி மரமான வெண்கண்டலின் நாற்றுகள் எங்கே பிழைக்கின்றன என்பவையும் கோடைக்கு ஏற்றவை. இவை ஓடிப் போகாது. நாளைக்கும் அங்கேயே இருக்கும். புதியவர்களுக்கு அது பெரிய உதவி.

படி 3: வழிகாட்டியும் விண்ணப்பமும்

கோடை ஆய்வு கார்த்திகையில் தொடங்குகிறது. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதமியும் அதன் இரண்டு தோழமை அகாதமிகளும் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு வழக்கமாக நவம்பர் வாக்கில் விண்ணப்பிக்க வேண்டும். ஏப்ரலில் தேடத் தொடங்குபவர்களுக்கு அது கிடைக்காது. அது தவிர, நேரடியாகவே எழுதிக் கேட்கலாம். சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம், பள்ளிக்கரணையில் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி, சற்றுத் தொலைவில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் எனக் கதவுகள் பல இருக்கின்றன.

கடிதத்தை ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். 'தங்கள் ஆய்வுகளால் ஈர்க்கப்பட்டேன்' என்ற வரியை எல்லோரும் எழுதுகிறார்கள். யாருக்கு எழுதுகிறீர்களோ அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், வெயிலில் நடக்கத் தயாரா, தெலுங்கு தெரியுமா என்பதையும் எழுதுங்கள். எங்கள் எல்லைப்புறத்தில் பிறந்த பிள்ளைகள் இரண்டு மொழியும் பேசுவதை ஒரு தகுதியாக நினைப்பதே இல்லை. இந்த ஏரியில் அது ஒரு கருவிக்குச் சமம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள், அதில் தவறில்லை.

படி 4: அனுமதி

இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் ஜூன் மாதம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். ஏரியின் இரு மாநிலப் பகுதிகளிலும் பறவைகள் சரணாலயம் இருக்கிறது: ஆந்திரத்தில் 1976 முதல், தமிழகத்தில் 1980 முதல். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, சரணாலயத்துக்குள் ஆய்வு செய்யத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். எல்லையின் இரு பக்கமும் இடங்களை வைத்தால் இரண்டு மாநிலங்களிலும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மாநில அனுமதிக் கடிதம் அடுத்த மாநிலத்தில் செல்லாது. எட்டு வார ஆய்வுக்கு ஒரு பக்கத்தோடு நின்றுகொள்வதே புத்திசாலித்தனம்.

கல்லூரி முதல்வரின் கடிதம், வழிகாட்டியின் ஒப்புதல், இடங்களைக் குறித்த வரைபடம், எதை எத்தனை எடுப்பீர்கள் என்ற பட்டியல் ஆகியவற்றை இணைத்து ஜனவரியிலேயே அனுப்புங்கள். 'எதையும் எடுக்க மாட்டோம். எண்ணிவிட்டு அங்கேயே விடுவோம்' என்று உண்மையாகவே எழுத முடிந்தால் வேலை எளிதாகும். நத்தையை நான் விரும்ப இதுவும் ஒரு காரணம்.

ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையத்தின் பாதுகாப்புப் பகுதி. அதன் கரையில் இறங்காதீர்கள், அந்தப் பக்கம் படம் எடுக்காதீர்கள், டிரோனைக் கொண்டுவரவே வேண்டாம். ராக்கெட் ஏவும் நாட்களை முன்கூட்டியே விசாரித்து, அன்று களப்பணியைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 5: ஊரைக் கேட்டு இறங்குங்கள்

வனத்துறைக் கடிதம் பையில் இருந்தாலும் ஊரின் ஒப்புதல் இல்லாமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். பழவேற்காட்டில் மீன்பிடி இடங்கள் யாருக்கும் திறந்து கிடப்பவை அல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்ற முறை இருக்கிறது. இறாலுக்குச் சுற்றுவலை கட்டும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை வேறு இடம். ஏரிக்கு நடுவே வெறுமனே நிற்பதாகத் தோன்றும் ஒரு கழி, ஒரு குடும்பத்தின் அன்றைய முறையாக இருக்கலாம். அதை அசைத்துவிட்டு 'தெரியாது' என்று சொன்னால் அது பதிலாகாது.

முதல் நாள் ஊர்ப் பஞ்சாயத்தில் போய் உட்காருங்கள். என்ன செய்யப் போகிறீர்கள், ஏன், எத்தனை நாள், இதனால் ஊருக்கு என்ன நன்மை, என்ன நன்மை இல்லை என்பதை நேராகச் சொல்லுங்கள். முகத்துவாரத்தைத் திறந்து விடுவோம் என்பது போன்ற நம்பிக்கை எதையும் ஊட்டாதீர்கள். வந்து எழுதிக்கொண்டு போனவர்கள் பலர். திரும்பி வந்தவர்கள் குறைவு. அந்தக் கசப்பு அவர்கள் பேச்சில் இருக்கும், இருப்பது நியாயம்.

சேற்றைப் பற்றிக் கற்க எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆசிரியர்கள் இருளர் பெண்கள். இடுப்பளவு நீரில் குனிந்து, பறியை (பிடித்ததைப் போடும் கூடையை) பல்லில் கடித்தபடி, கையால் துழாவியே இறால் பிடிப்பவர்கள். சேறு எங்கே உறுதி, எங்கே உள்வாங்கும், எந்த வளையில் பச்சை நண்டு, எதில் பாம்பு என்பதெல்லாம் அவர்களுடைய விரல்களுக்குத் தெரியும். ஒரு முறை என் மாணவி ஒருத்தி எண்ணுவதற்காகச் சட்டத்தை வைத்த இடத்தைப் பார்த்து, "நேற்று மாடு மிதித்த இடம் பாப்பா அது, அங்கே எண்ணிப் பயனில்லை, இங்கே வா" என்று ஓர் அக்கா தள்ளி வைத்தார். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அப்படிப்பட்டவர்களை உடன் அழைத்தால் அவர்களின் அன்றைய இறால் வருமானத்துக்குக் குறையாமல் கூலி கொடுங்கள். அவர்கள் சம்மதித்தால் அறிக்கையில் பெயரையும் போடுங்கள். நன்றியுரையின் கடைசி வரியில் அல்ல, செய்முறைப் பகுதியில்.

படி 6: கட்ட வேண்டிய மூட்டை

விலை உயர்ந்த கருவி வேண்டாம். நீரின் உப்பை அளக்கும் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர், வெப்பமானி, அரை மீட்டர் சதுரச் சட்டம் (பிவிசி குழாயில் நீங்களே செய்யலாம்), 50 மீட்டர் நாடா, வெர்னியர் அளவுகோல், சேறு எடுக்க 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய், அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடை, காய்ச்சி வடித்த நீர், மூடியுள்ள டப்பாக்கள். குறிப்பேடும் பென்சிலும்.

பென்சில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் முதலாண்டு இங்கே வேலை செய்தபோது நாற்பது டப்பாக்களில் பேனாவால் எழுதிய சீட்டு போட்டு, மேலே சாராயம் ஊற்றி மூடினேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் நாற்பது வெள்ளைத் தாள்கள். எந்த இடத்துச் சேறு எது என்று தெரியாமல் ஒரு மாத வேலையைக் கொட்ட வேண்டியதாயிற்று. தடித்த டிரேசிங் தாளில் பென்சிலால் இடம், தேதி, எண் எழுதி டப்பாவுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வையுங்கள்.

சென்னையிலிருந்து வருபவர்கள் பொன்னேரி வரை மின்தொடர் வண்டியில் வந்து பஸ் பிடிக்கலாம். ஆந்திரப் பக்கத்துக்குச் சூளூர்ப்பேட்டை வரை வண்டி உண்டு.

படி 7: முதல் வாரம் ஒரு குச்சி

முதல் வாரம் எதையும் எண்ணாதீர்கள். ஒரு கழியில் சென்டிமீட்டர் கோடுகள் போட்டு, ஊராரைக் கேட்டு, நீர் வற்றாத ஓரிடத்தில் நடுங்கள். விடியற்காலையிலிருந்து 13 மணி நேரம், அரை மணிக்கு ஒரு முறை நீர்மட்டத்தை எழுதுங்கள். முறை போட்டு மாறி மாறி உட்காரலாம்.

நம் கடலில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகும். சென்னைத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணை கிடைக்கும். ஆனால் ஏரிக்குள் அந்த நேரம் பொருந்தாது. குறுகிய வாய் வழியே நீர் நுழைந்து பரவக் கூடுதல் நேரமாகும். எவ்வளவு தாமதம் என்பதை உங்கள் குச்சி சொல்லும். கோடு ஏறவும் இறங்கவும் இல்லாமல் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் முகத்துவாரம் ஏறக்குறைய அடைந்துவிட்டது என்று பொருள். பிற்பகல் கடல்காற்று பலமாக அடித்தால் நீர் ஒரு பக்கமாக ஒதுங்கும். அதை ஓதம் என்று எண்ணிவிடாமல் இருக்கக் காற்றின் திசையையும் எழுதிவையுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஒரு நாளும், அட்டமியை ஒட்டி ஒரு நாளும் இதைச் செய்யுங்கள். உங்கள் எண்ணிக்கை நாட்களையும் அதே திதிகளுக்கே பொருத்துங்கள். ஒரு இடத்தைப் பௌர்ணமியிலும் மற்றதை அட்டமியிலும் எண்ணினால் ஒப்பிடவே முடியாது.

படி 8: சேற்றை எண்ணுதல்

நீர் வடிந்தபின், வெயில் ஏறும் முன், காலை ஆறிலிருந்து ஒன்பதரைக்குள் வேலையை முடிக்கும்படி நாட்களைத் தேர்ந்தெடுங்கள். நீர்விளிம்புக்கு இணையாக நாடாவை விரித்து, சட்டத்தை எங்கே வைப்பது என்பதைக் களத்துக்கு வருமுன்பே சீட்டுக் குலுக்கி எழுதிக்கொண்டு வாருங்கள். களத்தில் நின்று 'இங்கே வைக்கலாம்' என்று முடிவு செய்தால் கை தன்னையறியாமல் நத்தை நிறைந்த இடத்துக்கே போகும். எவ்வளவு நேர்மையானவருக்கும் இது நடக்கிறது.

நத்தைக்கு: சட்டத்துக்குள் இருப்பவை அனைத்தையும் எண்ணுங்கள். அரை மீட்டர் சதுரம் என்றால் கால் சதுர மீட்டர். நான்கால் பெருக்க வேண்டும். ஓடு மட்டும் கிடந்தால் அது உயிருள்ளதாகாது. திருப்பிப் பார்த்து, நத்தை தன் ஓட்டின் வாயை அடைக்கும் மூடித்தகடு இருக்கிறதா என்று பாருங்கள். காலி ஓட்டுக்குள் துறவி நண்டு குடியிருக்கலாம், அதைத் தனியே எழுதுங்கள். இருபது நத்தைகளின் நீளத்தை வெர்னியரால் அளங்கள். பெரியவை மட்டும் இருக்கும் கரைக்கும், குஞ்சுகள் நிறைந்த கரைக்கும் உள்ள வேறுபாடு எண்ணிக்கையில் தெரியாது, அளவில் தெரியும்.

நண்டு வளைக்கு: ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஃபிடில் நண்டுகள் நம் காலடி அதிர்வில் மறைந்துவிடும். சட்டத்தை வைத்துவிட்டு ஐந்தாறு அடி விலகி, கால் மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். பிறகு வெளியே வந்த நண்டுகளையும் வளை வாய்களையும் தனித்தனியே எண்ணுங்கள். புதிதாக உருட்டிய மண் உருண்டைகள் வாயில் இருந்தால் குடியிருக்கும் வளை. ஓரம் சரிந்து தூசு மூடியிருந்தால் கைவிட்டது. ஒரு வாய்க்கு ஒரு நண்டு என்று கணக்கிடாதீர்கள். இரண்டு வாயுள்ள வளைகளும் உண்டு. அந்தக் கால் மணி நேரக் காத்திருப்பு என் மாணவர்கள் பலரை மாற்றியிருக்கிறது. வெறும் சேறு என்று நினைத்தது மெல்ல மெல்ல அசையத் தொடங்குவதை ஒருவர் தானே பார்க்க வேண்டும்.

சேற்றுக்கு: சட்டத்துக்குப் பக்கத்தில் கத்தியால் நேராக வெட்டிப் பாருங்கள். மேலே பழுப்பு, கீழே கறுப்பு. கறுப்பில் அழுகிய முட்டை வாடை வரும். அங்கே ஆக்சிஜன் இல்லை. மேற்பரப்பிலிருந்து கறுப்பு தொடங்கும் ஆழத்தை அளவுகோலால் அளங்கள். செலவே இல்லாத இந்த ஓர் அளவு, சேற்றுக்குள் யார் வாழ முடியும் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும். நண்டு வளைகள் நிறைந்த இடத்தில் பழுப்பு ஆழமாக இறங்கியிருக்கும், ஏனெனில் வளை வழியே காற்றும் நீரும் உள்ளே போகின்றன. ஒரு கைப்பிடிச் சேற்றை உலர்த்தி, 63 மைக்ரான் சல்லடையில் அலசினால் தங்குவது மணல், போவது வண்டலும் களியும். இரண்டையும் எடை போட்டு விகிதம் எழுதுங்கள்.

புழுக்களையும் எடுப்பதாக இருந்தால் ஒரு கணக்கை முன்பே போடுங்கள். குழாயால் சேறு எடுக்கப் பத்து நிமிடம். அதைச் சலித்து, பிரித்து, எண்ண அரை நாள். 60 குழாய் எடுத்தால் முப்பது நாள் ஆய்வகத்தில். எட்டு வாரத்தில் அது முடியாது. 10 சென்டிமீட்டர் குழாயின் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர்; ஒரு சதுர மீட்டருக்கு மாற்ற 127ஆல் பெருக்குவீர்கள். அதாவது எண்ணும்போது செய்யும் ஒரு தவறு 127 தவறாகும்.

எத்தனை இடம், எத்தனை சட்டம்? ஓரிடத்தில் பத்துச் சட்டம் வைத்தாலும் அது ஓரிடம்தான். மூன்று கரையில் முப்பது சட்டம் எண்ணிவிட்டு 'முப்பது மாதிரிகள்' என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. கரையை ஒப்பிடுகிறீர்கள் என்றால் கரைகளின் எண்ணிக்கையே உங்கள் மாதிரி எண்ணிக்கை. ஆறு கரை, கரைக்கு ஐந்து சட்டம், இரண்டு முறை வருகை: இது மூன்று பேர் கொண்ட குழுவால் முடியும்.

படி 9: தண்ணீரை அளத்தல்

ரிஃப்ராக்டோமீட்டரை ஒவ்வொரு நாளும் காய்ச்சி வடித்த நீரால் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இத்தகைய கருவிகளில் வெப்பச் சரிசெய்தல் பெரும்பாலும் 30 டிகிரி வரைதான் வேலை செய்யும். கத்திரி வெயிலில் தேங்கிய நீர் அதைத் தாண்டிவிடும். மாதிரியை நிழலில் ஆறவைத்து, இரண்டு சொட்டு விட்டு, அரை நிமிடம் பொறுத்துப் படியுங்கள். டப்பாவைத் திறந்து வைத்தால் நீர் ஆவியாகி உப்பு கூடும், ஆகவே மூடியே ஆறவையுங்கள்.

ஆக்சிஜனை அளப்பதாக இருந்தால் எந்த நேரம் என்பதே முக்கியம். நன்னீர் 30 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைக்கும். கடலளவு உப்பு இருந்தால் சுமார் 6.2 மட்டுமே. இரவெல்லாம் உயிர்கள் சுவாசித்தபின் விடியலில்தான் மிகக் குறைவு. மதியம் எடுத்த ஓர் அளவை வைத்து நீர் நலமாக இருக்கிறது என்று எழுதுவது, பகலில் வந்து பார்த்துவிட்டு ஊரில் திருட்டே இல்லை என்று சொல்வதைப் போன்றது. வேதிப்பொருள் சேர்த்து ஆக்சிஜனை அளக்கும் வின்க்ளர் முறையில் செய்பவர்கள் மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் களத்திலேயே சேர்த்துவிடுங்கள். அயோடைடு கரைசலில் நஞ்சுள்ள அசைடு கலந்திருக்கலாம், கையுறை வேண்டும்.

படி 10: உடம்பு

தனியே சேற்றில் இறங்கக் கூடாது, ஒருநாளும். முழங்காலுக்கு மேல் புதைந்தால் உதறாதீர்கள்; பின்னால் சாய்ந்து எடையைப் பரப்பி, காலை மெல்லச் சுழற்றி எடுங்கள். ஆழமற்ற நீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலில் படுத்திருக்கும் திருக்கை விலகிவிடும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆளிச் சிப்பியின் ஓடு காலைக் கிழிக்கும், அதனால் கயிறு கட்டிய பழைய கான்வாஸ் ஷூ போடுங்கள். செருப்பைச் சேறு வாங்கிக்கொள்ளும். ஒருவருக்கு மூன்று லிட்டர் நீர், உப்புச்சர்க்கரைக் கரைசல், முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு. கோடை இடி கேட்டால் அந்த நொடியே கரை ஏறுங்கள். அந்த வெட்டவெளியில் உயரமாக நிற்பது நீங்கள் மட்டும்தான்.

படி 11: எண்களும் எழுத்தும்

அன்றன்றைய குறிப்பை அன்றிரவே கணினியில் ஏற்றி, பக்கத்தைப் படமும் எடுத்து வையுங்கள். 'இல்லை' என்பதற்குப் பூஜ்யம், 'பார்க்கவில்லை' என்பதற்குக் காலி இடம். இரண்டையும் குழப்பினால் பிறகு திருத்தவே முடியாது. முதலில் புள்ளிகளை வரைந்து கண்ணால் பாருங்கள், சோதனைகளை அதன்பின் செய்யுங்கள். நத்தை எண்ணிக்கை சில இடங்களில் நூறு, சில இடங்களில் பூஜ்யம் என்று சிதறும். சராசரியைவிட இடைநிலை எண் உண்மையைச் சொல்லும். தர வரிசையை அடிப்படையாகக் கொண்ட ஸ்பியர்மன், கிரஸ்கல்–வாலிஸ் சோதனைகள் இளநிலை ஆய்வுக்குப் போதும்.

நினைத்தது கிடைக்காவிட்டால் அதையே எழுதுங்கள். 'உப்பு கூடியும் நத்தை குறையவில்லை' என்பதும் முடிவுதான். எட்டு வாரம் ஒரு கோடையை மட்டுமே காட்டும் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர் அதே கரையில் அதே சட்டத்தை வைக்கும்படி இடங்களின் ஆயத்தொலைவுகளைத் தெளிவாகக் கொடுங்கள். ஐந்து கோடைகளின் இளநிலை அறிக்கைகள் ஒன்று சேர்ந்தால் முகத்துவாரம் திறந்த ஆண்டையும் அடைந்த ஆண்டையும் ஒப்பிட முடியும். எந்தத் தனி ஆராய்ச்சியாளரும் அவ்வளவு எளிதாகச் செய்ய முடியாத வேலை அது.

படி 12: கிளம்பும் முன்

இரண்டு பக்கத்தில், படங்களோடு, தமிழிலும் தெலுங்கிலும் முடிவை எழுதி, முதல் நாள் உட்கார்ந்த அதே இடத்தில் படித்துக் காட்டுங்கள். கல்லூரியில் அளிக்கும் அறிக்கைக்கு முன்பாக இதைச் செய்யுங்கள். உங்கள் விளக்கத்தில் பிழை இருந்தால் அங்கேதான் யாராவது சொல்வார்கள். ஒரு முறை நாங்கள் ஒரு கரையில் நண்டு குறைந்ததற்கு உப்பைக் காரணம் காட்டினோம். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "அந்தக் கரையில் தையில் மண் வெட்டி எடுத்தார்கள் தம்பி" என்றார். அறிக்கையின் அந்தப் பத்தியை அன்றிரவே மாற்றி எழுதினோம்.

கடைசி நாள் காலை ஏரிக்குப் போய் நீங்கள் நட்ட குச்சி, முளை, கட்டிய கயிறு எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்துப் பிடுங்கி எடுத்து வாருங்கள். ஒரு முளை விட்டுப்போனாலும் மழையில் நீர் ஏறியதும் அது கண்ணுக்குத் தெரியாது. யாருடைய வலையாவது அதில் மாட்டிக் கிழியும்.